அவள் ‘அனே’ என்றுதான் அழுதாள்

மில்லகஸ்தென்ன தோட்டத்தில் விடியற்காலை மழை பெய்தால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயமே வானத்தைத் திட்டும். நிரோஷா ஒருத்திதான் வாயை மூடிக்கொண்டு சந்தோஷப்படுவாள். ரப்பர் மரத்துப் பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டைக்கு வந்து சேராமல் மரமெல்லாம் வழிந்து வீணாகப் போகும். ஆக, மழை என்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. இரத்தினபுரிப் பக்கத்து மழையோ யாரையும் கேட்டுக்கொண்டு வருகிற மழையில்லை. தகரத்தில் முதல் துளி விழுந்ததும் அவள் அம்மா மருதாயி எழுந்து உட்கார்ந்து, இடது மணிக்கட்டை உருவிவிட்டுக்கொண்டே மேலே பார்த்து நாலு வார்த்தை சொல்வாள். அச்சில் ஏற்றக்கூடிய வார்த்தைகள் இல்லை. எப்போதோ முறிந்து கோணலாகச் சேர்ந்துகொண்ட கை அது. மழைக்கு வலி எடுக்கும்.

அம்மா திட்டி முடிப்பதற்குள் நிரோஷா போர்வைக்குள்ளேயே பேனாவைத் தேடி எடுத்துவிடுவாள். மழை நாள்தான் அவளுக்கு எழுத்து நாள். மற்ற நாளெல்லாம் விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்கு ஓடி, பேர் கொடுத்து, மலையேறி, அம்மாவின் மரங்களுக்குப் பக்கத்து வரிசையில் பால் வெட்டி, வாளி சுமந்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்து படுத்தால் உடம்பு கட்டையாகக் கிடக்கும். அதற்குப் பிறகு எங்கே கதை எழுதுவது?

எழுத்தாளராக வேண்டும், கொழும்பு ஞாயிற்றுப் பேப்பரில் தன் பேர் வர வேண்டும். இருபத்து மூன்று வயதில் அவளுக்கு வேறு ஆசை கிடையாது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம் ‘கதை வந்த பிறகு பார்க்கலாம்’ என்றாள். எந்தக் கதை, எங்கிருந்து வரப்போகிறது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. யாரோ மாப்பிள்ளையின் பேரைத்தான் அப்படி மறைத்துச் சொல்கிறாள் என்று இரண்டு வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

அவளுக்கு இன்னொரு பொழுதுபோக்கும் இருந்தது. சண்டை கேட்பது. பீலியடியில் தண்ணீருக்குச் சண்டை மூண்டால் மற்றப் பிள்ளைகள் ஒதுங்குவார்கள், இவள் குடத்தை வைத்துவிட்டு நின்று கேட்பாள். யார் எந்த வார்த்தைக்கு எந்த வார்த்தையைத் திருப்பிப் போட்டார்கள் என்று தங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்து எழுதி வைப்பாள். பக்கத்துக் காம்பரா கருப்பாயியின் வாய்ச்சொல் மட்டுமே ஒரு கொப்பி நிறையக் கிடந்தது.

ஆனால் பாருங்கள், கதை என்று உட்கார்ந்தால் அதில் ஒரு வார்த்தையாவது வர வேண்டுமே. வராது. அவள் கதாநாயகிகள் மாடிப்படி இறங்கி வருவார்கள், காதலனுக்குக் கடிதம் எழுதுவார்கள், கடற்கரையில் நின்று கண்ணீர் விடுவார்கள். நிரோஷா கடலைக் கண்ணால் கண்டதில்லை. பேப்பரில் வருகிற கதைகளில் கடற்கரை இருந்தது, அதனால் இவளும் கொண்டுபோய்ப் போட்டாள். கொழும்புக்கு அனுப்பினாள். ஒன்றும் திரும்பி வரவில்லை, ஒன்றும் அச்சிலும் வரவில்லை. கிணற்றில் போட்ட கல்தான்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், விடாமல் பெய்த ஒரு மழைக் காலையில், கடற்கரை மேல் அவளுக்கே சலித்துப்போனது. அப்பா செத்த கதையை எழுதினாள்.

அவள் அப்பா பேர் ஐயாவு, அவரும் பால் வெட்டுகிறவர்தான். அவளுக்குப் பதினாலு வயசில், காற்றில் முறிந்த ரப்பர் மரம் மேலே விழுந்து மலையிலேயே செத்துப்போனார். கதையில் வருகிற அப்பா அதிர்ந்து பேசாத மனிதர். தன் ரொட்டியைப் பிள்ளைக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டு வெறும் தேத்தண்ணீர் குடிப்பார். காற்று வருகிறது, மரம் முறிகிறது. சேதி கேட்டு அம்மா பால் வாளியைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். அந்த இடத்துக்கு வந்தபோது நிரோஷா யோசிக்கவே இல்லை. ஒன்பது வருஷமாகக் காதிலேயே இருந்த சத்தம், அப்படியே இறங்கியது. “அனே, நான் என்னா செய்வேன், அனே.” நாலு தரம் அந்த அனே வந்தது. எழுதி முடித்ததும் ஒரு தரம் வாசித்துப் பார்த்தாள். இது கதை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. ‘காற்று’ என்று தலைப்புப் போட்டு அனுப்பினாள்.

இந்தத் தரம் பதில் வந்தது. கதைப் பக்கத்துக்குப் பொறுப்பான ஸ்ரீதரன் தன் கையாலேயே எழுதியிருந்தார்.

‘சகோதரி, உங்கள் கதை என்னை உலுக்கிவிட்டது. ஒரே ஒரு குறை. கணவனின் உடலைக் கண்ட தாய் “அனே” என்று அழுகிறாள். அது சிங்களச் சொல். நம் தாய் “ஐயோ” என்றல்லவா அழுவாள்? அந்தப் பக்கத்தில் நம் பிள்ளைகள் பலர் சிங்களப் பாடசாலைக்குப் போகிறார்கள் என்று அறிகிறேன். இருக்கிற மொழியையாவது நாம் சுத்தமாக வைத்திருக்க வேண்டாமா? அந்தச் சொல்லை மட்டும் மாற்றி அனுப்புங்கள். உடனே பிரசுரிக்கலாம்.’

நிரோஷா கடிதத்தை மூன்று தரம் வாசித்தாள். பிரசுரிக்கலாம் என்ற சொல் ஒரு பக்கம் கிடக்கட்டும். அனே சிங்களமா? அது அவளுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பிறந்ததிலிருந்து அந்தத் தோட்டத்தில் கால் இடறினாலும் அனே, பால் சிந்தினாலும் அனே, தொட்டில் பிள்ளை சிரித்தாலும் அனே. சோறு தமிழ் என்று யாராவது சொல்லிக்கொடுத்தா தெரிந்துகொண்டோம்? அனேயும் அப்படித்தான் இருந்தது.

கருப்பாயியிடம் போய்க் கேட்டாள். அவள் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னாடி கேள்வி இது. அனேன்னா அனேதான். தமிழ்தான்” என்றாள் கருப்பாயி.

“சிங்களமாம்க்கா. கொழும்புல சொல்றாங்க.”

“கொழும்புல ஆயிரம் சொல்லுவான். அனே, பாவம்டி நீ. உக்காந்து உக்காந்து எழுதி மூள கலங்கிப் போச்சி.” அந்த அனேயைக் கருப்பாயி கவனிக்கவில்லை. நிரோஷா கவனித்தாள்.

தோட்டத்து எல்லையில் கடை வைத்திருந்த சோமாவதி அக்காவிடமும் கேட்டாள். அவள் சிங்களத்தி, நிரோஷாவைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். கேள்வியைக் கேட்டதும் சோமாவதி நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ நங்கி, ஏக அப்பே வசனயக் னே.” அது எங்கள் சொல் தானே, தங்கச்சி, என்கிறாள். சொன்னவள் எந்தச் சொல்லில் தொடங்கினாள் என்று பாருங்கள். ஐயோ. நிரோஷாவுக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. கடை வாசலில் நின்று சிரி சிரியென்று சிரித்தாள். ஒரு சுண்டு சீனி வாங்க வந்ததை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

சிரித்தாலும் மாற்றிப் பார்க்காமல் இல்லை. பொய் எதற்குச் சொல்ல வேண்டும், அச்சில் பேர் வருவதென்றால் சும்மாவா? அடுத்த மழையில் உட்கார்ந்து அனேயை அடித்துவிட்டு ஐயோ என்று எழுதினாள். வாய்விட்டு வாசித்தாள். வாளியைப் போட்டுவிட்டு ஓடிய பொம்பிளை எங்கோ போய்விட்டாள். அவளுக்குப் பதிலாக, மேடையில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அழுகிற யாரோ ஒருத்தி அங்கே நின்றாள். நிரோஷா அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

தோட்டத்துக் கடிதமெல்லாம் ஒபீஸ் வழியாகத்தான் வரும். ஆகவே பெரிய கிளாக்கர் நடராஜாவுக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா? அவள் பதிலைப் போடக் கொண்டுபோன அன்றே கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“மாத்திட்டியா?” என்றார்.

“இல்லீங்க ஐயா. மாத்த முடியாதுன்னு எழுதியிருக்கேன்.”

கிளாக்கர் பேனாவை மூடி வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தோட்டத்தில் ஞாயிற்றுப் பேப்பர் வாங்குகிற வீடு அவருடையது ஒன்றுதான். “இங்க பாரு புள்ள. சுத்தி வரச் சிங்களக் கிராமம், நடுவுல நாம நாலு லயம். நமக்குன்னு என்னா மிஞ்சியிருக்கு, இந்தப் பாஷதானே? அதுலயும் கலப்படம் பண்ணிப்புட்டா நாளைக்கி நம்ம புள்ளைங்க என்னா பேசும்? ஸ்ரீதரன் சொல்றது ஞாயந்தான்.”

“ஞாயந்தாங்க ஐயா. ஆனா எங்கம்மா அப்புடி அழுவலயே.”

“ஒனக்குக் கதயும் வரணும், சொல்லும் நிக்கணும். கூழுக்கும் ஆச, மீசைக்கும் ஆச” என்றார் கிளாக்கர்.

“எனக்கு மீசதான் இல்லீங்களே” என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை மேசையில் வைத்தாள். பின்னால் நின்ற சின்னக் கிளாக்கர் சிரிப்பை அடக்க இருமினார்.

அந்தக் கடிதத்தில் அவள் எழுதியது இதுதான். ‘ஐயா, நம் ஐயோவைச் சிங்களவர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டு வாய் நிறையக் கத்துகிறார்கள். நாம் போய்த் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டோமா? அவர்களுடைய அனேயை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவர்களும் கேட்கவில்லை. கணக்கு சரியாகப் போய்விட்டது. என் அம்மா அனே என்றுதான் அழுதாள். என் பேரும் பிரசவம் பார்த்த சிங்கள மிஸ்ஸி வைத்த பேர்தான். அதையும் மாற்ற வேண்டுமா என்று அறியத் தரவும்.’

போட்ட பிறகு ஒரு மாதம் பதில் இல்லை. வாயால் கெட்டேன் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸாருக்குப் போனபோது, பேப்பர் ஏஜன்ட் அப்துல் ரஸாக் கடைக்குள்ளிருந்தே கையைக் காட்டினார். “வா மகள், வா. ஒண்ட பேர் வந்தீக்கி.”

வந்திருந்தது. கதைப் பக்கத்தில், நடுவில், ‘காற்று’. அதன் கீழே, மில்லகஸ்தென்ன நிரோஷா. அவள் பேரை விரலால் தொட்டுப் பார்த்தாள். மை ஒட்டியது. மேற்கொண்டு ஒரு வரிகூட வாசிக்கவில்லை. பேப்பரை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓடினாள். பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் குறுக்குப் பாதையால் ஏறினாள். அம்மாவுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்ட வேண்டும், மருதாயிக்கு எழுத்துத் தெரியாது.

மருதாயி அடுப்படியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். “என்னாடி, பேய் வெரட்டுதா” என்றாள்.

“ஒக்காரு. கத வந்திருச்சி. ஒன் கத.”

மருதாயி கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நிரோஷா வாசித்தாள். ரொட்டி பிய்த்துக் கொடுத்தது வந்தது, காற்று வந்தது, மரம் வந்தது, வாளி சிந்தியது. அழுகிற இடமும் வந்தது. “ஐயோ, நான் என்ன செய்வேன், ஐயோ” என்று அவள் நாக்கு வாசித்துவிட்டது. கண் அதற்குப் பிறகுதான் கண்டது. எத்தனை அனே இருந்ததோ அத்தனையும் ஐயோ. என்னா என்பதைக்கூட என்ன என்று சீவி வைத்திருந்தார்கள். அனே என்று மாற்றி வாசித்திருந்தால் அம்மாவுக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. அந்தப் புத்தி வருவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

மருதாயி கையை மறுபடியும் துடைத்துக்கொண்டாள். பிறகு, “நான் அப்புடி அழுவலயே” என்றாள்.

“தெரியும்.”

“அது யாரோ மாதிரி இருக்கு.” அவ்வளவுதான் சொன்னாள். எழுந்துபோய்க் கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம் நிரோஷாவுக்கு அதற்கு முன் வந்ததில்லை. வாழ்நாள் ஆசை கையில் இருக்கிறது, அதைக் கொண்டுபோய் அம்மாவுக்குக் காட்டினால் அம்மா அதில் இல்லை. கேட்டுவிட்டாவது மாற்றினார்களா? மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தாளே. அவள் நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு, வந்த பாதையால் அப்படியே திரும்பிப் பஸாருக்கு இறங்கினாள்.

ரஸாக் கடையில் பேப்பர் கட்டு பாதிக்கு மேல் விற்காமல் கிடந்தது. நிரோஷா பெஞ்சில் உட்கார்ந்து முதல் பேப்பரை விரித்தாள். ஐயோவை ஒரு கோட்டால் அடித்தாள், மேலே அனே என்று எழுதினாள். அடுத்த ஐயோ. அடுத்தது. மடித்து வைத்துவிட்டு இரண்டாவது பேப்பரை எடுத்தாள்.

ரஸாக் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து நின்றார். “என்ன புள்ள செய்ற?”

“பிழை திருத்துறேன், ரஸாக் நானா.”

“அது கம்பெனி பேப்பர். விக்காட்டித் திருப்பி அனுப்ப வேணும். எனக்குத்தான் ஏசுவாங்க.”

“யாரு செஞ்சான்னு கேட்டா என் பேரச் சொல்லுங்க. அதுதான் பேப்பர்லயே போட்டிருக்கே.”

ரஸாக் ஒரு பேப்பரை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார், மேலே இருந்த நீலச் சொல்லைப் பார்த்தார். “இதுக்கா இவ்வளவு கோவம்? எங்கட உம்மாவும் அனேன்டுதான் செல்லுவா” என்றார். பிறகு கோப்பையை அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனார். செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. வியாபாரி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கட்டு முடிந்தது. நிரோஷா விடவில்லை. விற்றுப்போன பேப்பர்களையும் தேடிப் போனாள். சலூனில் சவரத்துக்குக் காத்திருந்த ஒருவர் கையிலிருந்ததை வாங்கித் திருத்திக் கொடுத்தாள். அவர் விளையாட்டுப் பக்கத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார், அதனால் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் ஒரு பேப்பரில் ஏற்கெனவே வடை சுற்றியாகிவிட்டது. எண்ணெயில் ஊறிப்போன ஐயோ. அதில் பேனா ஓட மாட்டேன் என்றது, இவளும் விட மாட்டேன் என்றாள். கடைக்காரர், “ஏம்மா, வடை ஆறிப்போகும்” என்றார்.

சாயந்தரம் கிளாக்கர் வீட்டுப் படியேறினாள். அவர் வாசலிலேயே பேப்பரோடு நின்றார். “வாழ்த்துக்கள்” என்றார். மனதோடுதான் சொன்னார். “இப்ப பாரு, எவ்வளவு அழகா வந்திருக்கு.”

“அந்தப் பேப்பரக் கொஞ்சம் குடுங்க ஐயா. திருத்திட்டுத் தாறேன்.”

“குடுக்க மாட்டேன். இது என் பேப்பர்.”

“அது என் கதைங்க.”

கிளாக்கர் பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். “அச்சில வந்தப்பறம் அது ஒன் கத இல்ல புள்ள, எல்லாருக்கும் பொது” என்றார். நிரோஷா பேனாவை மூடினாள். இறங்கி வந்துவிட்டாள். அந்த ஒரு பேப்பரில் இன்றைக்கும் ஐயோதான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

விற்காத பேப்பர் வழக்கம்போலக் கொழும்புக்குத் திரும்பிப் போனது. அடுத்த ஞாயிறு அவள் பஸாருக்குப் போனபோது ரஸாக் டெலிபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஒன்னத்தான் தேடுறாங்க. ரெண்டு தரம் எடுத்துட்டாங்க” என்று ரிசீவரை நீட்டினார்.

“நான் ஸ்ரீதரன் பேசுறேன்” என்றது குரல். வயசான குரல், அவள் நினைத்ததைவிட மெலிந்த குரல். “பேப்பரில் கிறுக்கியது நீங்கள்தானா?”

“கிறுக்கல் இல்லைங்க. திருத்தம்.”

“எங்கள் மனேஜர் அந்தக் கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். நான் தலைகுனிந்து நின்றேன். உங்களுக்காகத்தானே அம்மா அந்தக் கதையைப் போட்டேன்? எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். திருத்துவதற்கு எனக்கு உரிமை உண்டு.”

நிரோஷா ரிசீவரை இறுக்கிப் பிடித்தாள். குரல் நடுங்கவில்லை. “எழுத்தத் திருத்துங்க ஐயா. எனக்கு ஒற்றுப் பிழை நெறைய வரும், அதெல்லாம் திருத்துங்க, கும்புடுறேன். அழுகையத் திருத்தாதீங்க.”

“இப்படி இருந்தால் இனி உங்கள் கதையை எடுப்பது கஷ்டம்” என்றார் ஸ்ரீதரன்.

“சரிங்க” என்றாள் நிரோஷா. ரிசீவரை வைத்தாள்.

வீரமாக வைத்துவிட்டாள். பஸாரைத் தாண்டியதும் வீரம் எல்லாம் இறங்கிவிட்டது. கதை போடுகிற இடம் அவளுக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இத்தனை வருஷம் தட்டித் தட்டி ஒரு கதவு திறந்தது, திறந்த ஒரு வாரத்துக்குள் தானே அறைந்து சாத்திவிட்டு வந்திருக்கிறாள். பாதை நெடுக அழுதுகொண்டே ஏறினாள். அனே, என் கதை போச்சே என்று தன் வாயே சொல்வதைக் கேட்டாள். அதைக் கேட்டதும் இன்னும் அழுகை வந்தது.

மருதாயி வாசலில் பால் வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டாள். “போனாப் போறான்” என்றாள்.

“போனாப் போறான்னா? இனிமே எங்க அனுப்புறதும்மா?”

மருதாயி தீட்டுவதை நிறுத்தினாள். “நானும் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தக் கதயில ரொட்டியப் பிச்சிக் குடுக்குறாரே, அந்த ஆளு யாரு?”

“அப்பாதான்.”

“ஒங்கப்பனா?” மருதாயி மகள் முகத்தைப் பார்த்தாள். “ஒங்கப்பன் ரொட்டி குடுத்து நீ எப்ப தின்ன? தவறணையில குடிச்சிட்டு வர்றப்ப நீ எங்க ஒளிஞ்சிக்கிருவேன்னு ஞாபகம் இருக்கா?”

நிரோஷாவுக்கு ஞாபகம் இருந்தது. கருப்பாயி காம்பராவின் விறகுக் குவியலுக்குப் பின்னால்.

மருதாயி இடது கையை நீட்டிக் காட்டினாள். “இது ஒடஞ்சப்பவும் நான் அனேன்னுதான் கத்துனேன். இந்தா, இந்த எடத்துலதான் நீ நின்ன. அத எங்க எழுதுன? அந்தக் கொழும்பு ஆளு ஒரு சொல்லத்தான் மாத்துனான். அதுக்குப் போயி அத்தன பேப்பர்லயும் கோடு கோடாக் கிழிச்சிட்டு வந்த. நீ ஒரு ஆளயே மாத்திப்புட்டியே. ஒன்ன யாரு திருத்துறது?”

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட நிரோஷாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. “செத்தவரப் பத்தி எப்புடிம்மா...” என்று தொடங்கினாள்.

“செத்தா எல்லாரும் நல்லவனாயிருவானா? அவன் மேல எனக்கு ஆசயும் இருந்துச்சி. இல்லாட்டி வாளியப் போட்டுட்டு அப்புடி ஓடியிருப்பனா? கைய ஒடச்சவனும் அவன்தான். நான் அழுததும் அவனுக்குத்தான். ரெண்டையும் எழுது. ஒண்ண மட்டும் எழுதுனா அது நான் இல்ல.”

“எழுதுனா லயமே பேசும்.”

“பேசாம இருந்துச்சா? ஊர் வாய மூட ஒலமூடி இருக்கா? என் பேரையே போட்டு எழுது. மருதாயின்னு. மறைக்கிறதுக்கு நான் என்னா திருடினேனா?”

அதற்குப் பிறகு அவள் மறுபடியும் கத்தி தீட்டத் தொடங்கினாள். நிரோஷா படியிலேயே உட்கார்ந்திருந்தாள். வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் ஒரு கதை எழும்பி நிற்பதும் தெரிந்தது. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

மறுநாள் விடியும்போது வானம் சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டு மழை இல்லை. பட்டை காய்ந்து, பால் நன்றாக ஓடக்கூடிய நாள். நிரோஷா எழுந்து வாளியை எடுத்தாள். மருதாயி அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நீ இன்னிக்கி வராத. ஒடம்புக்கு முடியலன்னு பெரட்டுல சொல்லிக்கிறேன்.”

“மழ இல்லயேம்மா.”

“மழ வந்தாத்தான் எழுதணும்னு யாருகிட்ட எழுதிக் குடுத்திருக்க?” என்றாள் மருதாயி. கோணல் கையில் வாளியை மாட்டிக்கொண்டு, நல்ல கையில் கத்தியோடு படியிறங்கினாள். இறங்கியவள் திரும்பிப் பார்த்து, “அடுப்புல கெழங்கு இருக்கு” என்றாள்.

லயம் காலியானது. வெயில் வாசலுக்கு வந்தது. வெயில் நாளில் காம்பராவில் தனியாக உட்கார்ந்து நிரோஷாவுக்குப் பழக்கமில்லை, ஏதோ திருடுவதுபோல இருந்தது. நீலப் பேனாவைத் திறந்தாள். யார் போடுவார்கள், எங்கே அனுப்புவது, ஒன்றும் தெரியாது. கிளாக்கர் என்ன சொல்வார் என்பது தெரியும், கருப்பாயி பீலியடியில் என்ன சொல்வாள் என்பது வார்த்தைக்கு வார்த்தை தெரியும். கடற்கரை வரவில்லை. ரொட்டியும் வரவில்லை.

‘மருதாயியின் கையை ஐயாவு முறித்த அன்று அவள் அனே என்றுதான் கத்தினாள்’ என்று முதல் வரியை எழுதினாள். எழுதிவிட்டு, எவனாவது இதில் கை வைத்துப் பார்க்கட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.